ஈயச் சிலுவையின் சாட்சி



ஜப்பானின் ஷிமபரா தீபகற்பத்தில், கடலோரமாக இடிந்து கிடக்கிறது ஹாரா கோட்டை. கொடிய வரியாலும் விசுவாசத்தின் நிமித்தம் வந்த உபத்திரவத்தாலும் நசுக்கப்பட்ட குடியானவர்கள், 1637-இல் கிளர்ந்தெழுந்து அதற்குள் புகுந்தார்கள். அவர்களுக்குத் தலைவனாய் நின்றவன் அமகுசா ஷிரோ என்னும் வாலிபன். அவன் கடல்மேல் நடந்தான், அவன் கையில் புறா இறங்கி முட்டையிட்டது என்றெல்லாம் கதைகள் வழங்குகின்றன. 1638-இல் கோட்டை விழுந்தது. உள்ளிருந்தோர் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டார்கள்.

பிற்கால அகழாய்வில் அந்த மண் கொடுத்தது வேறு: மனித எலும்புகளும், துப்பாக்கிக் குண்டின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகக் கருதப்படும் சிறு சிலுவைகளும்.

அவர்கள் ஆயுதம் ஏந்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. பேதுருவின் பட்டயத்தைத் தடுத்தவர் நம் ஆண்டவர். ஆயினும் கடல்மேல் நடந்த கதையைவிட அந்த ஈயத்துண்டே என் உள்ளத்தைத் தொடுகிறது. கொல்வதற்கென்று வார்த்தது, சாகிறவர்களின் கையில் சிலுவையாயிற்று.

நாமோ சாட்சி சொல்லும்போது அற்புதத்தைக் கூட்டிச் சொல்லுகிறோம். இந்த வாரம் உங்கள் சாட்சியில் கூட்டியதைக் கழித்துவிடுங்கள். மீந்திருப்பது சிறிதாயினும், அதுவே மெய். கர்த்தருக்கு அது போதும்.

ஆமென்.