விற்ற வேனுக்கும் தேய்மானமா?

கணக்கியல் படிக்கும் தம்பி தங்கைகளைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "அக்கா, வேலைக்குப் போனால் முதலில் என்ன செய்யச் சொல்வார்கள்?" புதிய கணக்கு எழுதச் சொல்வார்கள் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த முதல் வேலை, வேறொருவர் எழுதிய கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனைத் தேடிக் கண்டுபிடிப்பது. அந்த வேன் விற்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கிள்ளானில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். பொருள் விநியோகம் செய்யும் நம்மவர் நிறுவனம் ஒன்றின் 2021 கணக்கை முடிக்க வேண்டும். சொத்துப் பதிவேட்டில் ஆறு வாகனங்கள். காப்புறுதிக் கட்டணச் சீட்டுகளைப் புரட்டினால் ஐந்துதான் இருந்தன. ஒரு சீட்டு தொலைந்துபோயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். சாலை வரி ரசீதுகளும் ஐந்தே. முதலாளியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"அந்த வெள்ளை வேனா? அது 2020 ஜனவரியிலேயே வித்தாச்சே தங்கச்சி. நாற்பதாயிரம் வெள்ளி, பேங்க்லதானே போட்டேன்" என்றார்.

பணம் வங்கியில் இருந்தது உண்மை. அங்கே பகுதி நேரமாகக் கணக்கு எழுதியவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. யாரையும் கேட்காமல், முதலாளி நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் என்று எழுதிவிட்டார். சிறு நிறுவனங்களில் இயக்குநர் கணக்கு என்பது, எதுவென்று புரியாத பணத்தையெல்லாம் கொண்டுபோய் வைக்கும் பரண். வேனோ பதிவேட்டிலேயே தங்கிவிட்டது. எக்செல் கோப்பும் தன் கடமை தவறாமல் ஆண்டுதோறும் அதற்குத் தேய்மானம் போட்டுக்கொண்டே வந்தது.

எண்களைப் பார்ப்போம். 2017 ஜனவரியில் வாங்கிய வேன், விலை 90,000 வெள்ளி. ஐந்து ஆண்டு ஆயுள், நேர்கோட்டு முறை. மலாய்ப் பாடநூலில் 'சுசுட் நிலாய்' என்று நாம் படித்த அதே தேய்மானம்தான், ஆண்டுக்கு 18,000. 2019 முடிவில் கணக்கில் மிஞ்சிய மதிப்பு 36,000. விற்ற விலை 40,000. ஆக 2020-இல் 4,000 வெள்ளி இலாபம் காட்டி, வேனைப் பதிவேட்டிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், இல்லாத வேனுக்கு 18,000 தேய்மானம் கழித்திருந்தார்கள். 2020-இன் இலாபம் 22,000 வெள்ளி குறைவாகக் காட்டப்பட்டிருந்தது.

இதை என் மேலதிகாரியிடம் எடுத்துப் போனேன். பல ஆண்டு அனுபவமுள்ள அக்கா அவர். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷத் தேய்மானத்தையும் போட்டுட்டா வேன் பூஜ்யமாயிடும். தானா சரியாகிடும் விடும்மா."

கணக்குப்படி அவர் சொன்னது பொய்யில்லை. ஐந்தாவது 18,000-ஐயும் கழித்துவிட்டால் வேனின் மதிப்பு பூஜ்யம்தான். இருப்புநிலைக் குறிப்பில் யார் கண்ணிலும் படாது. வாகனத் தேய்மானப் பிழைகள் பல ஆண்டுகள் பிடிபடாமல் போவதற்குக் காரணமே இதுதான். காத்திருந்தால் அவை தம்மைத் தாமே மறைத்துக்கொள்ளும். ஆனால் இயக்குநருக்குத் தர வேண்டிய கடன் என்ற 40,000 மறையாது. கொடுக்காத கடனை நிறுவனம் என்றாவது முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும். நாளைக்கு ஒரு பங்குதாரர் சேர்ந்தால், அவருடைய பணமும் சேர்ந்து போகும்.

வரி இன்னொரு பக்கம். உள்நாட்டு வருமான வரி வாரியம் நம் தேய்மானத்தை ஏற்பதில்லை. அதைத் திரும்பக் கூட்டிவிட்டு, 'எலாவுன் மோடால்' என்னும் மூலதனக் கழிவைத் தனியே தருகிறது. வாகனத்துக்கு முதல் ஆண்டில் தொடக்கக் கழிவு 20 விழுக்காடு, அத்துடன் ஆண்டுக் கழிவு ஒவ்வோர் ஆண்டும் 20 விழுக்காடு. ஆகவே வரிக்கணக்கில் 2019 முடிவிலேயே 72,000 கழிந்து 18,000 மட்டுமே மிச்சம். 40,000-க்கு விற்றதால், கூடுதலான 22,000 வருமானமாக வரிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போதாததற்கு, மிச்சமிருந்த 18,000-ஐயும் 2020-இல் கழித்துவிட்டார்கள்.

"நாலாயிரம்தானே இலாபம்? நாற்பதாயிரத்துக்கு எதுக்கு வரி?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. "அண்ணே, 90,000-க்கு வாங்கி 40,000-க்கு வித்தீங்க. வேன் உங்ககிட்ட தின்ன காசு 50,000. வரியில 90,000 கழிச்சிருக்கீங்க" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு "எவ்வளவு கட்டணும்?" என்றார். 17 விழுக்காட்டு விகிதத்தில் 6,800 வெள்ளி. நாமே போய்ச் சொல்லாமல் வாரியம் கண்டுபிடித்தால், குறைத்துக் காட்டிய வரிக்குச் சமமான தொகை வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். விற்ற ரசீது கோப்பில் இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்து இன்னொரு குறுக்குவழி வந்தது. 22,000-ஐ இந்த ஆண்டின் 'இதர வருமானம்' என்று போட்டுவிடலாமே என்றார்கள். நிறுவனம் அப்போது புதிய லோரிக்காக வங்கியில் கடன் கேட்டிருந்தது. 2021-இன் இலாபம் ஒரே எழுத்தில் கூடிவிடும். கூடிய இலாபம் அந்த ஆண்டு சம்பாதித்ததல்ல என்பது வங்கிக்கு எப்படித் தெரியும்? தனியார் நிறுவனங்களுக்கு 2016 முதல் நடப்பில் உள்ள எம்.பி.இ.ஆர்.எஸ். தரநிலை இதில் தெளிவாக இருக்கிறது. முந்தைய ஆண்டின் பிழை பொருட்படுத்தத்தக்க அளவினதாக இருந்தால், அந்த ஆண்டின் எண்களையே திருத்தி, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுத வேண்டும். நாங்கள் செய்ததும் அதுதான். இயக்குநர் கடனில் 40,000, சேர்ந்த தேய்மானத்தில் 72,000 டெபிட். வாகனக் கணக்கில் 90,000, முந்தைய ஆண்டுகளின் இலாபத்தில் 22,000 கிரெடிட். பிறகு அந்த இலாபத்திலிருந்து 6,800 வரிக்குப் போனது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடம் உண்டு. வேன் ஐந்து ஆண்டு ஓடும் என்று நினைத்தோம், நன்றாகப் பராமரித்ததால் எட்டு ஆண்டு ஓடும்போல் இருக்கிறது என்றால் அது பிழையல்ல, மதிப்பீட்டு மாற்றம். பழைய ஆண்டுகளைத் தொடக்கூடாது. மிஞ்சிய மதிப்பை மிஞ்சிய ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அன்று இருந்த தகவலைப் பார்க்காமல் விட்டது பிழை. அன்று தெரியாதது இன்று தெரிவது மாற்றம். இலாபம் குறைகிற ஆண்டில் மட்டும் வேனின் ஆயுள் கூடினால், அது இரண்டிலும் சேராது.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. எஸ்.பி.எம். பாடத்தில் தேய்மானம் இருக்கிறது, பிழை திருத்தம் இருக்கிறது. ஆனால் அங்கே பிழை எதுவென்று கேள்வியிலேயே சொல்லிவிடுகிறார்கள். டெபிட், கிரெடிட் போட்டால் மதிப்பெண். அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பதிவேடு அழகாக இருக்கும், கூட்டல் சரியாக இருக்கும், வேன்தான் இருக்காது. கல்லூரிகளில் ஒரு தவணைக்காவது மாணவர்கள் கையில் ஒரு பதிவேட்டையும், வங்கி அறிக்கையையும், காப்புறுதிச் சீட்டுகளையும், வாகனக் கிராண்ட் நகல்களையும் கொடுத்து, "எங்கே தப்பு, கண்டுபிடி" என்று விட்டுவிட வேண்டும். விடைத்தாள் கூடாது. சிலவற்றில் தப்பே இருக்கக்கூடாது.

இன்னொன்றும் வேண்டும். அதைப் பாடத்திட்டத்தில் எழுத முடியாது. தப்பைக் கண்டுபிடித்த இளையவர் அதை வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுக்கும் அலுவலகம். அன்று அக்கா "விடும்மா" என்றபோது நானும் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். பயிற்சிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் துணிந்து அந்த 40,000-ஐப் பற்றிக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்கே, காட்டு" என்றார். இயக்குநர் கடனை அவர் கவனித்திருக்கவில்லை. வரி வாரியத்துக்கு எழுதிய கடிதத்தை அவரே தயார் செய்தார்.

வங்கி என்ன செய்தது என்று கேட்பீர்கள். திருத்திய கணக்கைப் பார்த்துவிட்டு, அந்தக் குறிப்பைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். பதில் கொடுத்தோம். லோரிக் கடன் சற்றுத் தாமதமாகக் கிடைத்தது. முதலாளிக்கு அதில் வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு பழைய லோரி ஒன்றை விற்பதற்கு முன் அலுவலகத்துக்கு அழைத்தார். "தங்கச்சி, விலை பேசியாச்சு. புத்தகத்துல இன்னும் எவ்வளவு இருக்கு, வரியில எவ்வளவு இருக்கு, ரெண்டையும் தனித்தனியா சொல்லு."