மூன்றாவது மாடியில் ஏரி

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் தண்ணீர் லாரி, லிஃப்ட், நாய் மூன்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு மீன் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது மாடிக்காரர் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் தடுப்புக்குப் பதிலாக மீன்தொட்டி கட்டப்போகிறாராம். எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். அவருக்கு நேர் கீழே குடியிருப்பவர் சங்கத்தின் பொருளாளர். அவர் கோபமாக எதுவும் எழுதவில்லை. 2022 டிசம்பர் 16 அன்று விடிகாலையில் பெர்லின் ஹோட்டல் ஒன்றில் பத்து லட்சம் லிட்டர் தொட்டி வெடித்து, சுமார் 1,500 மீன்களோடு தெருவரை வந்த காணொளியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அது ஏன் உடைந்தது என்று நிபுணர்களாலேயே அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை என்ற தகவலையும் மறக்காமல் கீழே சேர்த்திருந்தார்.

“நீங்கதான் மீனைப் பத்தி அடிக்கடி எழுதுறீங்களே சார், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க” என்றார் செயலாளர். இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர்ப் பக்கம் என்னைக் கூப்பிட்டால் நான் செருப்பைக்கூடத் தேடமாட்டேன். மூன்றாவது மாடிக்குப் போனேன்.

முதலில் கணக்கு. ஐம்பது கன அடி என்றால் 1,400 லிட்டருக்கு மேல். லிட்டருக்குக் கிலோ. கண்ணாடி, இரும்பு ஸ்டாண்ட், மணல், கல் எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னை எட்டிப் பிடிக்கும். அந்தச் சுமை இறங்கும் இடம் இருபது சதுர அடி, அதாவது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ. நம் ஊரில் குடியிருப்புத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் இருநூறு கிலோ. ஐந்து மடங்கு! உடனே தளம் பெயர்ந்து பொருளாளரின் சோபாவில் விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த இருநூறு கிலோ, சுமை தளம் முழுக்க விரவியிருப்பதாக வைத்துப் போடும் கணக்கு. பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து அதன் மேல் உட்காரவைத்தால் கதை வேறு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். இன்டீரியர் செய்கிறவரோ, தொட்டி ஒட்டுகிறவரோ, நானோ இல்லை.

கண்ணாடி விஷயத்தில் பலரும் நம்ப மறுக்கும் ஒன்று உண்டு. அதன் கனத்தைத் தீர்மானிப்பதில் தொட்டியின் கொள்ளளவுக்கு வேலையே இல்லை. தண்ணீரின் உயரம்தான் முக்கியம். இந்தத் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை ஏறக்குறைய 700 கிலோ எடைக்குச் சமம். பின்னால் இரண்டரை அடி அகலத்துக்குத் தண்ணீர் நின்றாலும், வங்கக் கடலே அசையாமல் நின்றாலும் அதே 700 கிலோதான். உயரத்தை அரை அடி குறைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சொன்னேன். மூன்றாவது மாடிக்காரர் தலையாட்டினார். பாவம், நல்ல மனுஷர். நோட்டுப் போட்டு வரைந்து வைத்திருந்தார். பதினைந்து மில்லிமீட்டர் கண்ணாடி, கீழே ஸ்கொயர் பைப் ஸ்டாண்ட், நடுவில் மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்ளத் தெர்மாகோல் ஷீட், உள்ளே தண்ணீரை வடிகட்டும் சம்ப், இரண்டு மோட்டார், கரன்ட் போனால் ஒன்றுக்கு இன்வெர்ட்டர். சிலிக்கான் பசையின் வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை தண்ணீர் விடக் கூடாது என்பதைக்கூடச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

“மீன்?” என்றேன்.

“அது கடைசியில பாத்துக்கலாம் சார். ஜோசியர் அரோவானா வைக்கச் சொல்லியிருக்கார். வாஸ்து மீன்.”

வரன் பார்க்காமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற காரியம் இது. இனி கட்டடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை, இன்ஜினியர் சொல்லட்டும்.

அரோவானா மேல் எனக்குள்ள ஆத்திரத்தை இங்கே பலமுறை கொட்டியிருக்கிறேன், சலித்தவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம். டிராகன் ஜாடை இருப்பதால் அதிர்ஷ்டம் என்று சீனர்கள் கொண்டாடுவது ஆசிய அரோவானாவை. அது அழிவின் விளிம்பில் உள்ளவற்றுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பது. முறையாக விற்பதென்றால் உடம்பில் மைக்ரோசிப் வைத்துத்தான் விற்க வேண்டும். நம் கடைகளில் சகாயமாகக் கிடைப்பது அதன் அமேசான் பங்காளியான வெள்ளி அரோவானா. ஆக, சீனத்து நம்பிக்கை, தென்னமெரிக்க மீன், அதற்கு நம்மூர் வாஸ்து. மயனே வந்தாலும் குழம்பிப்போவார். விரல் நீளத்தில் வாங்கி வருவது மூன்றடிவரை வளரும். அமேசானில் நீருக்கு மேல் தொங்கும் கிளையிலிருந்து பூச்சியை எம்பிப் பிடிக்கிற மீன் அது. இங்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திரும்பியே ஆயுள் தீர்கிறது. பல தொட்டிகளில் அதன் கண் கீழ்நோக்கிச் சரிந்து நிலைத்துவிடுவதைப் பார்க்கலாம். செத்தாலும் நிம்மதியில்லை. வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று சொல்லி, அதே வாரத்தில் அடுத்த குட்டியை வாங்கி வருகிறார்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூன்றாம் நாளே மீனை விட்டிருப்பார்கள். கண்டம் வேறெங்கிருந்தும் வரவில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்தத் தொட்டியில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரமாவது ஆகும். அதுவரை உள்ளே இருப்பது பளிங்கு போன்ற விஷம்.

“அப்ப என்னதான் சார் வைக்கிறது?” என்று கேட்டார்.

பதில் சொல்ல வீட்டுக்கு வந்து பிரான்சிஸ் டேயை எடுத்தேன். சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்து, மீன்களைப் பார்த்து மதிமயங்கிப் போனவர். 1875க்கும் 1878க்கும் இடையில் பகுதி பகுதியாக வந்த ‘இந்திய மீன்கள்’ என்ற அவருடைய நூலில், மீன் மீனாகச் செதில் எண்ணி வரைந்த படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பல மீன்களுக்குத் தமிழ்ப் பெயரும் கொடுத்திருக்கிறார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த மீன் ஆய்வாளர் குந்தருக்கும் இவருக்கும் ஆகாது; அதனாலேயே தன் சேகரிப்பில் ஒரு பெரும் பங்கைச் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். சென்னையிலும் காவிரியிலும் பிடித்தவை ஆஸ்திரேலியாவில் புட்டிக்குள் கிடக்கின்றன என்றால் பங்காளிச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்.

டேயைப் புரட்டினால் நம் வாய்க்காலிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! கரிமீனுக்கு ஒரு சின்னத் தம்பி உண்டு, ஆரஞ்சு குரோமைடு. பழவேற்காடு மாதிரி உவர்நீர்ப் பகுதிகளில் இருப்பது. ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்னும். இதையே டிஸ்கஸ் மீன் செய்தால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வாய் பிளந்து பார்க்கிறோம்.

ஆனால் எனக்கு எட்டடித் தொட்டி கிடைத்தால் நான் விடுவது பனையேறிக் கெண்டையை. டெல்டாவில் வயல் வாய்க்காலோடு வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பச்சையும் கறுப்பும் கலந்த நிறம், உள்ளங்கை அளவு. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு வைத்திருக்கிறது. தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். குளம் வற்றினால் சேற்றில் கிடக்கும். மழை பெய்தால் செவுள் மூடியின் முட்களை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, அடுத்த குளத்துக்கு நடந்தே போகும். அந்த முட்களுக்குக் கொலைப் பழியும் உண்டு. இரண்டு கையாலும் மீன் துழாவுகிறவர், பிடித்ததை வாயில் கவ்விக்கொள்ள, அது தொண்டைக்குள் நழுவி, முள் விரிந்து, உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன.

இந்த மீனுக்குத் தொட்டியில் மோட்டார் நின்றால் கவலையில்லை. மூடிதான் வேண்டும், அதன் மேல் கனமும் வேண்டும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் மூச்சு விட இடைவெளியும் விட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் பொருளாளர் வீட்டுப் படியில் நின்றாலும் நிற்கும். கூட நியான் டெட்ரா மாதிரிச் சின்ன மீன் விட நினைப்பவர்கள், அதைத் தீவனக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரில் உள்ளபடி அது பனை ஏறுமா? டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்றொரு லெப்டினன்ட் இருந்தார். 1791 நவம்பரில், குளத்தங்கரைப் பனைமரத்தின் வெடிப்பில் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாகவும், செவுள் முள்ளை மாட்டி, வாலை வளைத்து அது ஏறியதாகவும் எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது வந்தது. பிறகு வந்த விலங்கியலாளர்கள் சிரித்தார்கள். நிலத்தில் ஊர்ந்துபோன மீனைக் காகமோ பருந்தோ தூக்கிக்கொண்டுபோய் மரத்தில் வைத்திருக்கும் என்றார்கள். நியாயமான விளக்கம்தான். ஆனால் நவம்பர் மழை, கரையோரத்துப் பனை, சொட்டச் சொட்ட நனைந்த செதிள் மட்டைகள், அதில் மாட்டுவதற்கென்றே வளைந்த முள். அந்த ஐந்தடியை நான் அதற்கு விட்டுக்கொடுத்துவிடுவேன். நான் டால்டார்ஃப் கட்சி.