மறதிநோயும் மருந்துப் பையும்

மறதிநோய் உள்ள பெரியவரை அழைத்து வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றனர்: “நினைவாற்றலுக்கு வேறு மாத்திரை ஏதேனும் உண்டா?” அதற்கு விடை கூறும் முன், அவர் இப்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மேசைமீது எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூளை அணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறச் சில வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் அசிட்டைல்கோலின் கவனத்துக்கும், புதியவற்றை நினைவில் பதிப்பதற்கும் இன்றியமையாதது. அல்சைமர் நோயில் அதனைச் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. அந்நோயால் இறந்தோரின் மூளையில், அதனை உருவாக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பது 1976-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. லூயி உடல் மறதிநோயில் இக்குறைபாடு பெரும்பாலும் இன்னும் கடுமையானது. மறதிநோய்க்கு இது ஒன்றே காரணமன்று; ஆயினும் மருந்தால் ஓரளவேனும் ஈடுசெய்யக்கூடியது இது.

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் ஆகியவை அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. எஞ்சியிருப்பது சற்றுக் கூடுதல் நேரம் நிலைக்கிறது, அவ்வளவே. அழிந்த அணுக்கள் மீள்வதில்லை.

இந்தச் சிறு சேமிப்பையும் கரைப்பவை நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் குளோர்பெனிரமின், சில இருமல் மருந்துகளில் கலந்துள்ள டைபென்ஹைட்ரமின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில் ஆகியவை அசிட்டைல்கோலின் தன் வேலையைச் செய்யவிடாமல் மறிக்கின்றன. இளைஞருக்கு வாய் உலரும், உறக்கம் வரும். மறதிநோயாளிக்கோ மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், திடீர்க் குழப்பம், இல்லாத ஆளைக் கண்டு பேசுதல் ஆகியவை நேரலாம். ‘நோய் முற்றிவிட்டது’ என்று வீட்டார் மனம் உடைகின்றனர். தொற்றும் இவ்வாறு குழப்பத்தை உண்டாக்கும் என்பதால் இரண்டையும் ஆராய வேண்டும்.

இதைவிட வருந்தத்தக்கது ஒன்றுண்டு. டோனெபெசில் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமற் செய்யும். அதனை முதுமையின் கோளாறு என்றெண்ணி, வேறொரு மருத்துவர் ஆக்சிபியூட்டினின் எழுதுவார். அதுவும் அசிட்டைல்கோலினை மறிப்பதே. ஒரு மாத்திரை கட்டுவதை மற்றொன்று இடிக்க, இரண்டுக்கும் குடும்பம் பணம் கொடுக்கிறது. இதில் பெரும்பொறுப்பு மருத்துவர்களாகிய எங்களுடையது. அவரவர் துறைக்கு எழுதுகிறோம். முழுச் சீட்டையும் படிப்பவர் குறைவு.

குடும்பத்தினரைக் குறைகூற எனக்கு மனமில்லை. தந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் மகளுக்கு, ஒரு சளி மாத்திரை பெற்றுத்தரும் நான்கு மணி நேர உறக்கம் எளிதில் விடக்கூடியதன்று. ஆகவேதான் தூக்கமின்மையை மறைக்காமல் எங்களிடம் கூறும்படி வேண்டுகிறேன். இரவு வலி, பகலுறக்கம், மாலைக் காபி, மருந்து உண்ணும் நேரம் என்று திருத்தத்தக்க காரணங்கள் பல இருக்கலாம். டோனெபெசிலே சிலரின் உறக்கத்தைக் கெடுப்பதுண்டு; அவர்களுக்கு அதனைக் காலையில் தரச் சொல்கிறோம்.

எந்த மாத்திரையையும் இதைப் படித்தவுடன் நீங்களாக நிறுத்த வேண்டாம்; சிலவற்றைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது இருமல் மருந்துப் புட்டி, கண்ணுக்கு இடும் சொட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, பழைய சீட்டுகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பையில் இட்டுக் கொண்டு வாருங்கள்.