தொடு உணர்வு தரும் செயற்கைக் கை: வேலூர் அனுபவம் சொல்லும் பாடம் என்ன?

திருப்பதி: பழுத்த மாம்பழத்தை நசுக்காமல் எடுக்கவும், கண்ணாடிக் குவளையை நழுவவிடாமல் பிடிக்கவும் மனிதக் கைக்குப் பார்வையைவிடத் தொடு உணர்வே பெரிதும் துணை நிற்கிறது. இந்த உணர்வை ரோபோக்களுக்கும் செயற்கைக் கைகளுக்கும் அளிக்கும் சென்சார் தொகுதிகளை உருவாக்கும் பணி உலகெங்கும் வேகமெடுத்துள்ளது. கையை இழந்த ஒரு தொழிலாளிக்கு இத்தொழில்நுட்பம் உண்மையில் பயன்படுமா? சித்தூர் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய வேலூரில் தொடங்கிய ஒரு மருத்துவ வரலாறு இதற்கு முக்கியமான விடையைத் தருகிறது.

சென்சார் தொகுதி செயல்படும் விதம்

மனிதரின் ஒரு கையில், உள்ளங்கையிலும் விரல்களிலுமாகச் சுமார் 17,000 தொடு உணர் நரம்பு இழைகள் உள்ளன. அழுத்தம், அதிர்வு, வழுக்கல் ஆகியவற்றை இவை மூளைக்குத் தெரிவிக்கின்றன.

செயற்கைத் தொகுதியின் அமைப்பு எளிமையானது. அழுத்தத்திற்கேற்ப மின்தடை மாறும் மெல்லிய படலத்தின் ஒருபுறம் கிடைமட்டமாகவும் மறுபுறம் செங்குத்தாகவும் மின்னிழைகள் பதிக்கப்படுகின்றன. அவை குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சென்சாராகிறது. பக்கத்திற்கு 32 என 64 இழைகளைக் கொண்டு 1,024 புள்ளிகள் வரை அளவிட முடியும்.

அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் சுப்பிரமணியன் சுந்தரம் உள்ளிட்டோர் இந்த முறையில் 548 சென்சார்கள் கொண்ட கையுறையை உருவாக்கி, 2019ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். 26 பொருள்களைக் கையாண்டு பெற்ற தரவுகளால் கணினிக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. கையுறைக்கான மூலப்பொருள் செலவு ஏறத்தாழ 10 டாலர் மட்டுமே. எனவே சென்சாரின் விலை இனி பெரிய தடையல்ல. அது தரும் தகவலை மனிதர் எவ்வாறு பெறுவார் என்பதே சிக்கலான பகுதி.

வேலூரில் கண்டறியப்பட்ட உண்மை

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1946இல் பணியில் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கான காரணத்தை ஆராய்ந்தார். நோயே விரல்களை அழுகச் செய்கிறது என்று அப்போது பரவலாக நம்பப்பட்டது. உணர்வை இழந்த கைகளில் கவனிக்கப்படாமல் போகும் காயங்களே சிதைவுக்குக் காரணம் என்பதை அவர் கண்டறிந்தார்.

அவரால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை, நோயுற்ற ஒரு சிறுவன் எளிதாகத் திறந்துவிட்டான். ஆனால் அவனது விரல் எலும்பு வரை கிழிந்திருந்தது. எவ்வளவு விசையுடன் பிடிக்கிறோம் என்பதை அவனுக்கு உணர்த்த எதுவும் இல்லை. இன்றைய செயற்கைக் கைகளில் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுவே.

எச்சரிக்கை மட்டும் போதாது

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், உணர்வற்ற கைகளுக்கும் கால்களுக்கும் அழுத்த சென்சார்களைப் பொருத்தும் ஆய்வை மேற்கொண்டார். அழுத்தம் ஆபத்தான அளவை எட்டினால் காதில் ஒலி எழும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மெல்லிய மின்னதிர்ச்சி அளிக்கப்பட்டது. வேலையை முடிக்க வேண்டுமெனில் அவர்கள் கருவியை அணைத்துவிட்டனர். சென்சார்களும் விலை உயர்ந்தவையாகவும் விரைவில் பழுதாபவையாகவும் இருந்தன. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது.

தகவல் தருவதும் உணரச் செய்வதும் ஒன்றல்ல என்பதே இதன் பாடம். ரோபோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சென்சாரின் கட்டளைக்கு அது உடனே பணியும். மனிதர் தமக்கு அந்நியமான ஒரு சமிக்ஞையை ஒதுக்கிவிடக்கூடும்.

இரு வழிகள்

இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, நரம்புடன் நேரடி இணைப்பு. ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒருவரின் கை நரம்புகளில் மின்முனைகளைப் பொருத்தினர். கண்களைக் கட்டிய நிலையிலும் பொருளின் வடிவத்தையும் கடினத்தன்மையையும் அவரால் செயற்கைக் கையின் மூலம் உணர முடிந்ததாக 2014இல் அறிவித்தனர். எனினும் இதற்கு அறுவைச் சிகிச்சை தேவை.

இரண்டாவது, முடிவைக் கையிடமே விட்டுவிடுவது. ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனத்தின் 'சென்சார்ஹேண்ட்', பொருள் நழுவத் தொடங்கினால் தானாகவே பிடியை இறுக்குகிறது. பயனாளர் எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டிய அவசியமில்லை. குறைந்த செலவில் விரைவாகப் பலன் தரக்கூடியது இந்த வழியே.

வட்டாரத்தின் வாய்ப்பு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் இயக்கக் குறைபாடு உள்ளோர் சுமார் 54 லட்சம் பேர். அவர்களில் கை, கால்களை இழந்தோரும் அடங்குவர். இவர்களுக்கான சேவைக்குத் தேவையான கட்டமைப்பு இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே உள்ளது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை எலும்பு அறுவைச் சிகிச்சையும் செயற்கை உறுப்புகளும் வழங்குகிறது. ஏர்ப்பேட்டில் ஐஐடி திருப்பதியும், சித்தூரில் சிஎம்சியின் வளாகமும் உள்ளன. ஸ்ரீசிட்டியில் மின்னணு ஆலைகள் இயங்குகின்றன.

செயற்கைக் கைகளைக் காட்டிலும் பெரிய தேவை ஒன்றும் உண்டு. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. நாள்பட்ட நீரிழிவால் பாதங்களில் உணர்வு மங்கி, கவனிக்கப்படாத புண் காலை அகற்றும் நிலை வரை செல்லக்கூடும். வேலூரில் பிராண்ட் கண்ட அதே நிகழ்வு இது. அழுத்த சென்சார் பதித்த காலணி உள்தாள் இங்கு ஒரு காலையே காக்கக்கூடும்.

ஆனால் வெயில், வியர்வை, வயல் சேறு ஆகியவற்றைத் தாங்காத சென்சார் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பயனற்றது. பழுதானால் அருகிலேயே சரிசெய்ய வழியும் வேண்டும். கார்வில் திட்டம் தோற்ற இடங்களில் இதுவும் ஒன்று. ஆய்வகத்தில் எத்தனை பொருள்களை அடையாளம் கண்டது என்பதைக் கொண்டு இத்தகைய கருவிகளை மதிப்பிடுவது போதாது. ஓராண்டுக்குப் பிறகும் பயனாளர் அதை அணிந்திருக்கிறாரா என்பதே சரியான அளவுகோல்.