மலைக்கு நாம் விருந்தினர்

மலேசியத் தலைநகர் கோலாலம்பூருக்கு வடக்கே செங்குத்தாக உயர்ந்து நிற்பது பத்துமலை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழைமையான சுண்ணாம்புக் கல்லால் ஆனது. நம் பெற்றோர் கொச்சிக்கு வந்ததுபோல, பிழைப்புத் தேடிக் கடல் கடந்த தமிழர் அதன் குகையில் முருகனுக்குக் கோயில் எழுப்பினர். 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. இன்று 272 படிகள் ஏறிக் குகையை அடையலாம்.

ஏறும் வழி எளிதாகிவிட்டதால், மலையில் எதையும் செய்யலாமா? கூடாது என்பதே என் கருத்து. காற்றிலுள்ள கரியமில வாயு கலந்த மழைநீர், சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்தே குகைகளைக் குடைந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்பு, கல்விழுதாக வளர்கிறது. அது ஒரு விரற்கடை நீளம் வளரவே நூறாண்டுகளுக்கு மேல் ஆகலாம். நாம் தொட்டால் கையிலுள்ள எண்ணெய்ப்பசை படிந்து அவ்வளர்ச்சி தடைப்படும்.

"ஒருவர் தொட்டால் என்ன?" எனச் சிலர் கேட்பர். தைப்பூசத்திற்கு வருவோர் பல இலட்சம். ஒவ்வொருவரும் அவ்வாறே எண்ணினால் எஞ்சுவது யாது? குரங்குகளுக்குத் தின்பண்டம் தருவதும் தவறே. அவ்வாறு பழகிய குரங்கு, இரை தேடுவதை விட்டு மனிதரிடம் பறிக்கத் தொடங்கும்.

படிகளை மனிதர் அமைத்தனர். மலையோ மனிதர் தோன்றுவதற்கு முன்பே நின்றது. ஆகவே மாணவர்களே, எம்மலையில் ஏறினாலும் விருந்தினராக ஏறுவோம். கண்ணால் கண்டு மகிழ்வோம், கையால் சிதைக்காதிருப்போம், கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வருவோம்.