கையில் ஒன்றும் வேண்டாத விளையாட்டு

மார்கழி விடுமுறை வந்துவிட்டால் எம்மைக் காணும் பெற்றோர் பலரும் ஒரே குறையைத்தான் கூறுவர். வெளியே ஓயாத மழை. உள்ளே ஓயாத பிள்ளைகள். கைத்தொலைபேசியைக் கொடுத்தால் கண் கெடுகிறது. கொடாவிட்டால் வீடு இரண்டுபடுகிறது. என்னதான் செய்வது என்பர்.

வெயிற் காலமாயின் விடை எளிது. கிளித்தட்டுக்கு நிலத்திற் கீறிய கோடுகள் போதும். ஒளித்துப் பிடித்து விளையாட அவையும் வேண்டா. மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்தாலன்றிப் பிள்ளை விளையாடாது என எண்ணுவோர் தம் இளமையை மறந்தவரே. ஆயினும் மழைநாளில் முற்றம் உதவாது. அந்நாளுக்கென எம்மிடம் ஒரு விளையாட்டு உண்டு. அதனை எமக்குக் கற்பித்தவர், ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய எமது அம்மம்மா.

ஒருவர் ஒரு சொல்லைக் கூறுதல் வேண்டும். அது முடியும் எழுத்தில் தொடங்கும் சொல்லை அடுத்தவர் கூறுதல் வேண்டும். ஒருமுறை வந்த சொல் மறுமுறை வரலாகாது. மெய்யெழுத்தில் முடிந்தால் அம்மெய்யின் வரிசையில் எதனையும் கொள்ளலாம். மரம் என்றால் மாலை எனலாம், மீன் எனலாம். புலவர் அந்தாதி தொடுத்ததும் ஏறக்குறைய இவ்வாறே என்பதை மாணாக்கர் அறிவர். ஆனால் மீன் என்றதுமே இடர் பிறக்கிறது. னகரத்தில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை. கடல், தமிழ், வீடு, வயிறு எல்லாம் இப்படியே வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அம்மம்மா இதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். முட்டுப்பட்டால் ஒவ்வோர் எழுத்தாகப் பின்னே வரவேண்டும். தமிழ் என்பதில் ழ் ஆகாது, அதற்கு முன் நிற்கும் மி ஆகும், எனவே மிளகாய். மிளகாயின் ய் யானையைத் தரும். யானையில் னை ஆகாது, யா ஆகும், யாழ்ப்பாணம். கடல் என்பதிலோ ல் ஆகாது, ட ஆகாது. க வரையிற் பின்வாங்கவேண்டும். எந்தச் சொல்லானாலும் முதலெழுத்தை அடைந்துவிட்டால் விளையாட்டு நில்லாது. அவ்வெழுத்தில் ஒரு சொல் ஏற்கெனவே தொடங்கியிருக்கிறதன்றோ!

பிற்காலத்திற் பல்கலைக்கழகத்தில் நன்னூல் படித்தபோது, உயிர் பன்னிரண்டும் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங எனும் பத்து மெய்களின் வரிசைகளுமே மொழிக்கு முதலாகும் எனும் விதியைக் கண்டு, இது எமக்குச் சிறுபராயத்திலேயே தெரிந்ததாயிற்றே என வியந்தோம்.

ஒருநாள் கடல் என்ற சொல்லுக்குப் பின்வாங்க மனமில்லாத எமது தம்பி, லாச்சி என்றான். நாம் மறுத்தோம். “வீட்டிலை கிடக்கிற சாமான்தானே, விடு மோனை” என்று அம்மம்மா வழக்கைத் தீர்த்தார். அது ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச்சென்ற சொல். வடமொழியிலிருந்து வந்த இலட்சத்துக்கும் இரதத்துக்கும் முன்னே ஓர் இகரத்தை நிறுத்தியே நம் முன்னோர் உள்ளே விட்டனர். லாச்சிக்கு அந்த மரியாதையை எவரும் செய்யவில்லை.

இவ்விளையாட்டின் வலுவை நாம் கண்டது ஓர் இரவில். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது எமக்கு வயது 12, தம்பிக்கு 6. மழையில் நனைந்தபடி செம்மணி வெளியிற் சனத்தோடு சனமாக நகர்ந்துகொண்டிருந்தோம். அப்பா மூட்டைகள் ஏற்றிய துவிச்சக்கர வண்டியை உருட்டினார். அம்மாவின் இரு கைகளிலும் பைகள். இனி நடக்கமாட்டேன் என்று தம்பி சேற்றில் இருந்துவிட்டான். தூக்குவாரில்லை. அம்மம்மா குனிந்து அவன் கையைப் பற்றி, “பாலம்” என்றார். அவன் பேசவில்லை. “பாலம். ம்…” என்றார் மீண்டும். சிறிது பொறுத்து, “மாடு” என்றான். டு ஆகாது, மா ஆகும். “மாங்காய்” என்றார் அம்மம்மா. அவன் எழுந்துவிட்டான். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்வரை இருவரும் ஓயவில்லை. சாவகச்சேரியை அடைந்தபோது விடிந்திருந்தது.

இத்தனையும் அறிந்திருந்தும், எம் பிள்ளைகளுக்கு இதனை நாம் நெடுங்காலம் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை வெட்கத்துடனேயே எழுதுகிறோம். ஊரார் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்துவிட்டு வீடு வந்தால், “சும்மா இருங்கள், அப்பாவுக்கு வேலை இருக்கிறது” என்பதே எமது வாசகமாயிருந்தது. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. தொலைபேசியும் அணைந்து, விடைத்தாள் திருத்த வெளிச்சமும் இல்லாது போனபின்னரே நாம் பிள்ளைகளோடு பாயிற் குந்தினோம்.

முதல் அரைமணி நேரம் தோல்வியே. மகன் பஸ் என்றால், அது பேருந்து என்றோம். மகள் ஜன்னல் என்றால், அது யன்னல் என்றும் போர்த்துக்கேயர் வழி வந்தது என்றும் விளக்கத் தொடங்கினோம். “அப்பா, இது விளையாட்டோ பாடமோ?” என்று கேட்டாள் மகள். ஒன்பது வயதுப் பிள்ளையின் அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. அம்மம்மா ஒருநாளும் எம்மைத் திருத்தியதில்லை. பாதி ஆட்டங்களில் அவரே தோற்றார். வேண்டுமென்றே தோற்றாரோ என்ற ஐயம் எமக்கு அன்றைக்குத்தான் எழுந்தது.

வாயை அடக்கிக்கொண்டு மறுபடி தொடங்கினோம். ஆட்டம் சூடுபிடித்தது. நடுவில் மின்சாரம் வந்தது. மகன் ஓடிப்போய்த் தொலைபேசியை மின்னேற்ற வைத்துவிட்டு, அப்பா இன்னும் சொல்லவில்லை என்று திரும்பி வந்து குந்தினான். மகள் கூறியிருந்த சொல் கலைஞன். ன் ஆகாது, ஞ. நெடுநேரம் யோசித்து ஞமலி என்றோம். பழைய இலக்கியத்தில் நாய்க்கு அது பெயர். அப்படியொரு சொல்லே இல்லை, அப்பா அளக்கிறார் என்று இருவரும் ஒரே குரலில் தீர்ப்பளித்தனர்.

அகராதி கைக்கெட்டும் தூரத்தில் அலுமாரியில் இருந்தது. நாம் எழவில்லை.