திரும்பப் பெற்ற கடிதம்

ராணுவத் தலைமைத் தளபதி ராஜினாமாக் கடிதம் கொடுப்பது அபூர்வம். கொடுத்த கையோடு அதைத் திரும்பப் பெறுவது அதைவிட அபூர்வம். 1959 ஆகஸ்ட் 31 அன்று கடிதம் கொடுத்த ஜெனரல் கே.எஸ். திம்மய்யா, பிரதமர் நேருவின் வற்புறுத்தலுக்கு இணங்கி அதைத் திரும்பப் பெற்றார். அவரது ராணுவ வாழ்க்கையில் பின்வாங்கிய தருணங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

குடகின் மடிக்கேரியில் 1906-ல் பிறந்தவர் திம்மய்யா. இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று 1926-ல் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கினார். அன்று இந்தியர்களுக்கு எளிதில் கிட்டாத பொறுப்பு அது.

ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது காஷ்மீர்தான். 1948-ல் லடாக்குக்குச் செல்லும் ஜோஜி லா கணவாய் எதிரியின் பிடியில் இருந்தது. 11,000 அடிக்கும் மேலான உயரத்துக்கு டாங்கிகளைக் கொண்டுபோக முடிவு செய்தார் அவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் பாதை அமைக்க, நவம்பர் 1 அன்று பனிக்கு நடுவே டாங்கிகள் உறுமியபோது எதிரிகள் திகைத்துப் போனார்கள். முன்னணி டாங்கிகளுடன் டிவிஷன் தளபதி திம்மய்யாவும் இருந்தார். கணவாய் மீண்டது.

கொரியப் போர் முடிந்தபின், தாயகம் திரும்ப மறுத்த 22,000-க்கும் அதிகமான கைதிகளின் விவகாரத்தைக் கவனித்த நடுநிலை நாடுகள் கமிஷனின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. 1957-ல் தலைமைத் தளபதியானார்.

அப்போது பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். கூர்மையான அறிவு, அதைவிடக் கூர்மையான நாக்கு. பதவி உயர்வுகளில் அவர் தலையிடுவதாக ராணுவத்தில் குமுறல் இருந்தது. பிரதமரிடம் முறையிட்டும் பயனில்லாமல் போகவே கடிதம் எழுதினார் திம்மய்யா. லோங்ஜுவில் சீனத் துருப்புகளுடன் மோதல் நிகழ்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

கடிதம் திரும்பப் பெறப்பட்ட பிறகு நாடாளுமன்றத்தில் பேசிய நேரு, கருத்து வேறுபாடுகள் அற்பமானவை, சுபாவம் சார்ந்தவை என்று சொல்லி அமைச்சரை ஆதரித்தார். சிவில் அதிகாரமே மேலானது என்பதையும் வலியுறுத்தினார்.

அந்தக் கோட்பாட்டில் தவறில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாகிஸ்தானில் ஜெனரல் அயூப் கான் ஆட்சியைப் பிடித்திருந்தார். தளபதியின் மிரட்டலுக்கு அமைச்சர் பதவி இழப்பது எந்த ஜனநாயகத்துக்கும் நல்ல சகுனமல்ல. ஆனால் தளபதிக்குக் கீழ்ப்படியும் கடமை இருப்பதுபோல, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் கடமை அரசுக்கும் உண்டு. 1959-ல் முதல் கடமை நிறைவேறியது. இரண்டாவது நிறைவேறவில்லை.

1961 மே மாதம் திம்மய்யா ஓய்வு பெற்றார். தமக்குப் பின் கிழக்குப் பிராந்தியத் தளபதி தோரட் வரவேண்டும் என்ற அவரது விருப்பம் ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு சீனப் போரின் தோல்வி மேனனின் பதவியைப் பறித்தது.

1964-ல் சைப்ரஸில் ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைமையேற்ற திம்மய்யா, பணியில் இருக்கும்போதே 1965 டிசம்பர் 18 அன்று காலமானார். அந்தச் சிறிய தீவு அவருக்குத் தபால்தலை வெளியிட்டு மரியாதை செய்தது. தாய்நாட்டில் அவர் விட்டுச்சென்ற கேள்வி இன்னும் பழசாகவில்லை: விலகவும் மனமில்லாமல், மௌனமாக இருக்கவும் முடியாமல் தவிக்கும் தளபதி யாரிடம் போய்ச் சொல்வது?